வகுப்பறை வாசலில் நின்ற விசாரணை

கொமுட்டர் ரயில் அன்றைக்கும் தாமதம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மூச்சு வாங்க நடந்து, அலுவலகத்துக்குள் நுழைந்த புனிதா கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் கீழ்த்தள முகப்பிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"அக்கா, தமிழ் ஆளு ஒருத்தங்க வந்திருக்காங்க. உங்களத்தான் பாக்கணுமாம்."

அது குறைகேள் அலுவலகம். அரசாங்க இலாகாக்களால் அலைக்கழிக்கப்பட்டவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம். தமிழர் யாராவது வந்தால் புனிதாவைத்தான் கூப்பிடுவார்கள். தமிழில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டாலே பாதி பாரம் இறங்கிய மாதிரி சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அவர்களில் பலரை அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லித்தான் அனுப்பி வைத்திருக்கிறாள். "மன்னிக்கணும், இது எங்க அதிகார எல்லைக்குள்ள வரல." வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வாக்கியத்தைத் தடுமாறித்தான் சொல்வாள். இப்போது மூன்று மொழியிலும் தடங்கலில்லாமல் வருகிறது.

முகப்பில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் ருக்கையா. புனிதாவுக்குத் தெரிந்த முகம்தான். இருவரும் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியின் வாசலில் தினமும் பிள்ளைகளை இறக்கிவிடுகிறவர்கள். புனிதாவின் மகள் விஷ்ணுப்ரியாவும் ருக்கையாவின் மகள் அஃப்ரினும் ஐந்தாம் ஆண்டில் ஒரே வகுப்பு. அஃப்ரின் பள்ளியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் இருக்கிறாள் என்று பெற்றோர் வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது, புனிதாவும் எல்லோரையும் போலக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தாள். அத்தோடு சரி.

"அக்கா, ஒங்க கழுத்துல தொங்குற அட்டையப் பாத்திருக்கேன். இங்க வேல பாக்குறீங்கன்னு தெரியும். அதான் நேரா வந்துட்டேன்" என்றாள் ருக்கையா.

புனிதா அவளை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"அஃப்ரினுக்கு எட்டு வயசுலயே இனிப்பு நீர் வந்திருச்சு. தினம் இன்சுலின் ஊசி போடுறோம். சில நேரம் ஒடம்புல சீனி திடீர்னு எறங்கிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அப்ப ஒடனே குளுக்கோஸ் மிட்டாய வாயில போட்டாகணும். அதனால பென்சில் பையில எப்பவும் ஒரு டப்பா வச்சிருப்பா. வருசத் தொடக்கத்துலயே டாக்டர் கடிதத்தோட போயி ஸ்கூல்ல சொல்லிட்டு வந்தேன்க்கா."

"ம்."

"அன்னிக்கு கமலநாதன் சாரோட கணக்குப் பாடம். நடுக்கம் வந்ததும் இவ டப்பாவத் தொறந்திருக்கா. கிளாஸ்ல மிட்டாய் திங்கிறியான்னு புடுங்கி டிராயர்ல போட்டுட்டாரு. இவ எந்திரிச்சுப் போயி கேட்டிருக்கா. இடைவேளை மணி அடிக்கற வரைக்கும் இருன்னாராம். மறுபடியும் போயி கேட்டிருக்கா. நடிக்காதன்னாராம். ரெஹாட் மணி அடிக்கறதுக்குள்ள எம்புள்ள விழுந்து வலிப்பு வந்திருச்சு. மேசை முனையில அடிச்சு ஒதடு கிழிஞ்சு... அந்த ஒரு இடைவேளை மணிக்காக எம்புள்ள செத்துப் போயிருந்தா?"

ருக்கையா பையிலிருந்து பள்ளி கொடுத்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு குரல் உயர்ந்தது.

"ஸ்கூல்ல என்ன சொல்றாங்க தெரியுமா? நான் புள்ளைய பசியாறாம அனுப்பிட்டேனாம். டப்பாவ யாரும் எடுக்கலயாம். அவ எதுவும் கேக்கலயாம். மாவட்டக் கல்வி அலுவலகத்துல புகார் குடுத்தேன். அவங்க ஸ்கூலயே விசாரிக்கச் சொன்னாங்க. ஸ்கூல் விசாரிச்சு, எந்தத் தப்பும் நடக்கலன்னு எழுதிக் குடுத்திருச்சு. இது என்ன விசாரணைக்கா?"

கமலநாதன் அந்தப் பள்ளியின் பேர்போன கணக்காசிரியர். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குவதே இல்லை என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். போன வருடக் கடைசியில் புனிதாவே தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்து, தன் மகளை அவர் வகுப்பில் போடச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

புகாரை வாங்கிக்கொண்டு விசாரணைப் பிரிவின் தலைவர் தங்கராஜிடம் போனாள்.

"சார், என் மகளும் இதே வகுப்புதான். இந்தக் கோப்ப நான் பாக்கறது சரியா இருக்குமா?"

தங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாராளமாப் பாருங்கலா. நாம என்ன, கிளாஸ்ல நடந்ததயா விசாரிக்கப் போறோம்? மாவட்ட அலுவலகம் புகார ஒழுங்கா கையாண்டுச்சான்னு மட்டும்தானே பாக்கறோம். அதுல உங்க மகளுக்கு என்ன சம்பந்தம்?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அலுவலகத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த வேலி அப்படி. இலாகா ஒன்று புகாருக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தட்டிக் கேட்கலாம். ஆனால் வகுப்பறை ஒழுங்கு ஆசிரியரின் முடிவு, அதற்குள் தலையிடக் கூடாது. ஆசிரியரை அழைத்து விசாரிக்க முடியாது. மாணவர்களிடம் பேச முடியாது. கல்வி இலாகாவின் ஒப்புதல் இல்லாமல் பள்ளி வளாகத்துக்குள் காலடி வைக்கவும் முடியாது. பள்ளிகள் மேல் வருகிற புகார்கள் எல்லாம் இந்த வேலியில் முட்டித்தான் நின்றன.

மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போனது. பதிலும் ஒழுங்காக வந்தது. பள்ளி நிர்வாகம் உள்விசாரணை நடத்தியதாகவும், அலட்சியம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றும் அதில் இருந்தது. யாரை விசாரித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை.

"சார், ஒரே ஒரு தடவ நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"போயி? யார்கிட்ட பேசுவீங்க?" தங்கராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "ஒரு காலத்துல எனக்கும் இந்த வேகம் இருந்துச்சு புனிதா. சாலாக் செலாத்தான் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு நேராவே போயிட்டேன். வாசல்லயே நிக்க வச்சாங்க. மறுநாள் விளக்கம் கேட்டு எனக்குத்தான் கடிதம் வந்துச்சு. ஒவ்வொரு வருசமும் அதிகாரத்த விரிவாக்கணும்னு ஆண்டறிக்கையில எழுதுறோம். ஒவ்வொரு வருசமும் அத யாரும் படிக்கறதில்ல. விடுங்க. மூடிருங்க."

மாவட்ட அலுவலகம் உரிய காலத்தில் பதிலளித்துள்ளது, நிர்வாகக் குறைபாடு காணப்படவில்லை, கோப்பு மூடப்படுகிறது. இந்த மூன்று செய்திகளையும் நாலு வரியில் எழுதி, புனிதா தன் பெயருக்கு மேல் கையெழுத்துப் போட்டாள். நகல் மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் போயிற்று.

அதைக் கடிதத்தில் மட்டும் தெரிவிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ருக்கையாவை வரச் சொல்லி, அலுவலகத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"நிர்வாகக் குறைபாடு இல்லன்னா என்னக்கா அர்த்தம்?"

"உங்க புகாருக்கு அவங்க முறையா பதில் போட்டிருக்காங்க. அதச் சொல்றோம்."

"எம்புள்ள டப்பாவக் கேட்டாளா இல்லையா? அது?"

"அது எங்க அதிகார எல்லைக்குள்ள வரல, ருக்கையா."

ருக்கையா அழுவாள் என்று புனிதா எதிர்பார்த்திருந்தாள். அவள் அழவில்லை. எதிரே இருந்த தே தாரேக் தேநீரைத் தள்ளி வைத்தாள்.

"ஸ்கூல்ல கேட்டா மாவட்டத்துக்குப் போங்கறாங்க. மாவட்டத்துல கேட்டா ஸ்கூல் பாத்துக்கும்கறாங்க. ஒங்ககிட்ட வந்தா கடுதாசி சரியா இருக்குங்கறீங்க. எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்கு. எம்புள்ள விழுந்த எடம் மட்டும் யாரோட எல்லையிலயும் இல்லாமப் போச்சா?"

புனிதா கடிதத்தின் நகலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"விஷ்ணுவும் அந்த கிளாஸ்லதானேக்கா இருந்தா? அவ ஒண்ணும் சொல்லலயா?"

"கோப்பு எங்கிட்ட இருக்கும்போது நான் மககிட்ட அதப் பத்திப் பேசறது முறையில்ல."

வாயிலிருந்து வரும்போது அது நேர்மையான பதிலாகத்தான் இருந்தது. மாலை ரயிலில் நின்றுகொண்டே கிள்ளானுக்குத் திரும்பும்போது அப்படித் தோன்றவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்துக்கு முறை என்று பெயர் வைத்துக்கொண்டோமோ என்று முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. டியூஷன் முடிந்து ஓடி வந்து காரில் ஏறிய விஷ்ணுப்ரியா, இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அஃப்ரினோட அம்மா ஒங்க ஆபீசுக்கு வந்தாங்களா?"

"யார் சொன்னா?"

"அஃப்ரின்தான் சொன்னா. என்னாச்சும்மா?"

"அது முடிஞ்சிருச்சும்மா. ஸ்கூல்ல விசாரிச்சுட்டாங்க."

"யார விசாரிச்சாங்க?"

புனிதா வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்தது.

"எங்க கிளாஸ்ல யாரையும் கேக்கவே இல்லயேம்மா" என்றாள் விஷ்ணுப்ரியா. "ஹெட்மாஸ்டர் வரல. யாருமே வரல. அவ ரெண்டு தடவ போயி சார்கிட்ட கேட்டா. எங்க எல்லாருக்கும் தெரியும். நான்கூட எந்திரிச்சு, சார் அவளுக்கு சீனி கொறஞ்சிருச்சுன்னு சொன்னேன். நீ என்ன டாக்டரான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் உக்காந்துட்டேன். அப்புறம்தான் அவ விழுந்தா."

"இவ்வளவு நாளா ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேப்பன்னு இருந்தேன். ஒன்னோட வேலையே அதானே?"

பிள்ளை அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. நாட்டில் உள்ளவர்களின் புகாரையெல்லாம் கேட்கிற அம்மா, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை தங்கராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நம்பறேன் புனிதா. நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா ஒரு மாணவியோட வாக்குமூலத்த இந்த ஆபீஸ் வாங்க முடியாது. அதுவும் விசாரிச்ச அதிகாரியோட மக. கோப்பத் தொறந்தா நம்ம கழுத்துலதான் வந்து விழும்."

"ஞாயித்துக்கிழம பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் சார். அங்க பேசப் போறேன்."

"அம்மாவாப் போறதுன்னா போங்க. நான் தடுக்க முடியாது. ஆபீஸ் பேர மட்டும் எடுக்காதீங்க. எடுத்தா என்னால ஒங்களக் காப்பாத்த முடியாது."

வீட்டில் கணவருக்கும் இதில் இஷ்டமில்லை. "அடுத்த வருசமும் கணக்குக்கு அவருதான். புள்ளைய ஓரங்கட்டிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அந்தப் பயம் புனிதாவுக்கும் இருந்தது. ஊரில் எத்தனை பெற்றோர் இதே பயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்றும் யோசித்தாள்.

பொதுக்கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. சங்கத் தலைவர் வாசு மேடையில் இருந்தார். கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மண்டபத்துக்குக் கூரை போட அலைந்தவர் அவர்தான். வருடா வருடம் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடுபவரும் அவர்தான். முன்வரிசையில் கமலநாதன் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி நிரலில் 'வேறு விஷயங்கள்' என்று வந்ததும் ருக்கையா எழுந்தாள். அவள் பேசத் தொடங்கியதுமே மண்டபத்தில் ஒரு நெளிசல். சிலர் கைப்பேசியை எடுத்தார்கள். சிலர் கூரையைப் பார்த்தார்கள்.

வாசு கையை உயர்த்தினார். "தங்கச்சி, ஒங்க வேதன எனக்குப் புரியுது. ஆனா இது பேசி முடிஞ்ச விஷயம். ஸ்கூல் விசாரிச்சிருச்சு, மாவட்டம் பாத்திருச்சு. அதுக்கும் மேல, நீங்களே குறைகேள் அலுவலகம் வரைக்கும் போனீங்க. இதோ, அவங்க கடிதம்." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "குறைபாடு எதுவும் காணப்படவில்லை. கோப்பு மூடப்படுகிறது. அவ்வளவு பெரிய ஆபீசே ஸ்கூல் மேல தப்பில்லன்னு சொன்னப்புறம், நம்ம பள்ளி பேர நாமளே கெடுக்கலாமா? முதலாம் ஆண்டுக்குப் புள்ள சேக்க நான் எத்தன வீட்டு வாசப்படி ஏறி எறங்குறேன்னு ஒங்களுக்குத் தெரியாது!"

கைதட்டல் எழுந்தது. ருக்கையா தனியாக நின்றாள்.

நிர்வாகக் குறைபாடு இல்லை என்று மட்டும் புனிதா எழுதிய கடிதம், எந்தத் தப்பும் நடக்கவில்லை என்ற நற்சான்றிதழாக மாறி, ஒரு தாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தங்கராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"வாசு அண்ணே, அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு படிங்க."

வாசு தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன். தப்பு நடக்கலன்னு அதுல எங்கயும் எழுதல. மாவட்டம் பதில் போட்டிருக்கு, நிர்வாகக் குறைபாடு இல்லன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். கிளாஸ்ல என்ன நடந்துச்சுன்னு பாக்க எங்க ஆபீசுக்கு அதிகாரமே கெடையாது. பாக்கவே அனுமதியில்லாத ஒருத்தர் 'நான் எதையும் பாக்கல'ன்னு சொன்னா, அத ஒண்ணுமே நடக்கலன்னு எடுத்துக்குவீங்களா?"

"மேடம், இங்க ஆபீஸ் விஷயத்தப் பேச வேணாம்" என்றார் தலைமையாசிரியர்.

"சரி, ஆபீஸ் விஷயம் வேணாம். அம்மாவாப் பேசறேன். எம்மக விஷ்ணுப்ரியா அந்த கிளாஸ்ல இருந்தா. அஃப்ரின் ரெண்டு தடவ டப்பாவக் கேட்டத அவ பாத்திருக்கா. விசாரணை நடத்தினோம்னு சொல்றீங்களே சார், அந்த கிளாஸ்ல இருந்த ஒரு புள்ளையவாவது கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "சின்னப் புள்ளைங்கள இதுலயெல்லாம் இழுக்க வேணாம்னுதான்..."

"கேக்கல. அவ்வளவுதானே? நானும் கேக்கல. அது என் தப்பு. இங்க இருக்கறவங்கள்ல எத்தன பேரு வீட்டுல கேட்டோம்?"

பின்வரிசையில் மலர்விழி என்ற பெண் மெதுவாக எழுந்தாள். அவளுடைய மகனும் அதே வகுப்பு.

"எம்மவன் அன்னிக்கே வந்து சொன்னான். சார் மிட்டாய் டப்பாவப் புடுங்கிட்டாரும்மான்னு. நாந்தான்... வெளிய சொல்லாத, சாருக்கு ஒன்மேல கோவம் வந்துடும்னு அடக்கி வச்சேன்." அவள் ருக்கையாவின் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொரு தகப்பன் எழுந்து, "எம்பொண்ணும் சொன்னிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கமலநாதன் எழுந்தார். "இத்தன வருசமா ஒங்க புள்ளைங்களுக்காக ராப்பகலா ஒழைச்சேன். லீவு நாள்லகூட வந்து கிளாஸ் எடுத்தேன். அதுக்கு இதான் பரிசா?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் டப்பாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டார்.

பெற்றோர் பலரும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததால் மாவட்ட அலுவலகம் மறுபடி விசாரித்தது. இந்த முறை பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்டார்கள். பிள்ளைகள் நடந்ததைச் சொன்னார்கள். நோயுள்ள பிள்ளைகளின் மருந்தையும் மிட்டாயையும் யாரும் பறிக்கக் கூடாது என்று பள்ளியில் எழுதி ஒட்டினார்கள். அஃப்ரின் இப்போது டப்பாவை மேசை மேலேயே வைத்துக்கொள்கிறாள்.

ஆனால் இதை வெற்றி என்று சொல்ல முடியாது. விசாரணையின் முடிவு யாருக்கும் எழுத்தில் வரவில்லை. ருக்கையாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கமலநாதனை ரவாங்கில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். மாற்றலுக்குக் காரணம் 'சேவைத் தேவை' என்று போட்டிருந்தார்களாம். புனிதாவிடம் அலுவலகம் விளக்கம் கேட்டது. கல்வி சம்பந்தமான கோப்புகள் எதுவும் இனி அவளிடம் போகாது என்று முடிவானது. தங்கராஜ் அதைத் தெரிவிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டார். வாட்சப் குழுவில் சிலர், பள்ளி மானத்தை ஏலம் போட்டவள் என்று அவளை மறைமுகமாகத் திட்டினார்கள்.

வாசு அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். மாற்றல் செய்தி வந்த அன்று புனிதாவுக்கு விடுப்பு. மத்தியானம், பள்ளி விடும் நேரத்தில், வாசலில் நின்றிருந்த புனிதாவையும் ருக்கையாவையும் பார்த்து அவரே வந்தார்.

"போதுமா? மாத்தியாச்சு. நல்ல வாத்தியாரு ஒருத்தர் போயிட்டாரு. நீங்க கேட்டது கெடச்சிருச்சு. இனிமே இதப் பத்தி ஒரு பேச்சு வேணாம். பிரச்சின முடிஞ்சது."

"அவர மாத்தணும்னு நான் கேக்கவே இல்லண்ணே" என்றாள் ருக்கையா. "என்ன நடந்துச்சுன்னு ஒத்துக்கங்கன்னுதான் கேட்டேன். நடந்தத மூடி வச்சு ஆள மட்டும் மாத்திட்டாங்க. ரவாங்ல அவரு கிளாஸ்ல எம்புள்ள மாதிரி ஒரு புள்ள இருந்தா? அதுவும் தமிழ்ப்பள்ளிதானே அண்ணே? நம்ம பள்ளி நம்ம பள்ளின்னு சொல்றீங்களே, அது நம்ம பள்ளி இல்லயா?"

உள்ளே மணி அடித்து, பிள்ளைகள் கூட்டமாக வெளியே வரத் தொடங்கினார்கள். வாசு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களில் பாதிப் பேரை அவரே வீடு தேடிப் போய்ச் சேர்த்துவிட்டிருந்தார்.

"ரவாங் சங்கத் தலைவர எனக்குப் பழக்கம்தான்" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "ஆனா அவங்க ஸ்கூல் விஷயத்துல போயி சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

புனிதா கசப்போடு சிரித்தாள்.

"அதிகாரம் இருக்கற எடத்துலதாண்ணே நான் வேல பாக்கறேன். அதோட அளவு என்னன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான் அது வரும். சட்டத்த மாத்தினா உள்ளயும் வரலாம். மாத்தச் சொல்லி நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா அது வர்ற வரைக்கும் நம்ம புள்ளைங்க உள்ளதானே இருக்காங்க? இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம புள்ளைங்கள நாம கேக்கறதுக்கும், தப்புன்னு தெரிஞ்சா பக்கத்து வீட்டுப் புள்ளைக்காகவும் எந்திரிச்சு நிக்கறதுக்கும் யாரும் அதிகாரம் குடுக்கத் தேவையில்ல. பேரு கெட்டுடும்னு நாம மூடி மறைக்கறதாலதான் பள்ளிக்கூடத்தோட பேரு கெடுது."

வாசு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு, வேலியோரமாக நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"ஹலோ, தலைவரே... நான் கிள்ளான் வாசு பேசறேன். ஒங்க ஸ்கூலுக்கு இங்கேருந்து ஒரு சார் வர்றாரு. நல்லா பாடம் நடத்துவாரு. ஆனா அவரப் பத்தி ஒரு விஷயம் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, ஒங்க ஸ்கூல்ல இனிப்பு நீர் உள்ள புள்ளைங்க யாராவது இருக்காங்களா?"